கண்காட்சிக்குப் போன வேவி

கிரெம்ஸ், 18 ஏப்ரல் 1873

காஸ்பருக்கு,

என் மகள் உன் விடுதியில் இருக்கிறாள் என்று படகுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஈஸ்டர் திங்கட்கிழமை ஒரு பிரசவத்துக்காக ஸ்டைன் வரை போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வேவியின் அலமாரி காலி. ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

அவளை மருத்துவச்சி வேலை பழகச் சொல்லி இரண்டு வருடமாகிறது. "எனக்கு அந்த அலறல் வேணாம்மா. ஒலகமே வியன்னாவுக்கு வருது, நான் மட்டும் இங்க ரத்தத் துணியக் கொதிக்க வச்சிட்டிருக்கணுமா?" என்பாள். இது அவள் பேச்சே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து என் வீட்டில் உட்கார்ந்து, உலகக் கண்காட்சி, உலகக் கண்காட்சி என்று மூன்று நாள் நீ அளந்தாயே, அந்தப் பேச்சு. அப்போதே உன்னை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும்.

அப்பன் இல்லாத பெண். தாய்மாமன் என்று ஒருவன் இருப்பது அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள இல்லை. அடுத்த படகில் ஏற்றிவிடு.

வால்புர்கா

*

வியன்னா, 22 ஏப்ரல் 1873

அக்கா,

நான் அவளை அழைக்கவில்லை. மூட்டையோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள். "மாமா, ஒரு கட்டில் இருக்கா? இல்லன்னா நின்னுட்டே தூங்குவேன்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படித் திருப்பி அனுப்புவது?

கண்காட்சி நடக்கப்போகும் பிராட்டர் பூங்காவிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது என் விடுதி. பின்னால் புதிதாக இரண்டு மாடி எழுப்பியிருக்கிறேன். ஆட்கள் போதவில்லை. வேவி மேல்மாடி அறைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி. உன்னிடம் இருந்தபோது இதை யாராவது அவளிடம் சொன்னார்களா?

பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கையைக் கட்டிப் படகில் ஏற்ற என்னால் முடியாது. அவளாக வந்தால் வரட்டும்.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 27 ஏப்ரல் 1873

காஸ்பருக்கு,

அந்தக் கண்காட்சிக் கட்டடத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். ஊரைக் கூட்டி ஒரு புனலைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். இதைப் பார்க்கத்தான் பெற்ற தாயை விட்டு ஓடினாளா?

இருக்கட்டும். போனவள் அங்கேயே இருக்கட்டும். இனி நான் கேட்க மாட்டேன்.

வால்புர்கா

*

வியன்னா, 25 மே 1873

அக்கா,

உனக்குப் புனல். ரோமாபுரியின் பெரிய கோயில் கோபுரத்தைத் தூக்கி உள்ளே வைத்தால் அது தொலைந்து போகும், அவ்வளவு அகலம். திறப்பு நாளன்று மழை கொட்டியது. சக்கரவர்த்தி பேசும்போது உள்ளே பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எட்டு நாள் கழித்துப் பங்குச் சந்தை கவிழ்ந்தது. கிரெம்ஸுக்கும் சேதி வந்திருக்கும். நேற்று வரை சுருட்டு பிடித்தவர்கள் ஆற்றில் குதித்தார்கள். எதிர்பார்த்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. என் புது மாடியில் மூன்றில் இரண்டு அறை காலி. நீ சந்தோஷப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வேவிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அரை நாள் விடுப்பு கிடைத்தால் கண்காட்சிக்கு ஓடிவிடுவாள். ஜப்பான்காரர்கள் ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் சின்னப் பாலம் ஒன்று. அதைக் கட்டிய தச்சனுக்கு ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது, இவளுக்கு ஒரு வார்த்தை ஜப்பான் மொழி தெரியாது. "அரை மணி நேரம் பேசினோம் மாமா. நான் பசிக்குதுன்னேன், அவரு உளியக் காட்டினாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். துணி துவைக்கும் போஷெனாவும் இவளும் சேர்ந்துவிட்டால் முற்றத்தில் வேலை நடக்காது.

உனக்கு எழுதச் சொன்னேன். "அம்மா மொதல்ல எழுதட்டும்" என்கிறாள். யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 11 ஜூலை 1873

காஸ்பருக்கு,

கேட்க மாட்டேன் என்றேன், கேட்கிறேன். வியன்னாவில் வாந்திபேதி என்று படகில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அறுபத்தாறில் சண்டை முடிந்து சிப்பாய்கள் கொண்டுவந்த காலராவை நான் கையால் தொட்டவள். பதினேழு பேருக்குக் கண்ணை மூடிவிட்டேன். தெருக்கிணற்றில் குடித்தவர்கள் செத்தார்கள். மலையூற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் பிழைத்தார்கள். மருத்துவர்கள் காற்று என்றார்கள், வெக்கை என்றார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

உன் விடுதியில் யாருக்காவது வந்ததா? ஒரு வரியில் பதில் எழுது. ஆமாம் என்றால் நானே வந்து அவளைக் கூட்டிக்கொள்கிறேன்.

வால்புர்கா

*

வியன்னா, 14 ஜூலை 1873

அக்கா,

ஒரு வரியில்: இல்லை.

வெயில் காலம். பழுக்காத பிளம்ஸும் வெள்ளரிக்காயும் தின்றுவிட்டு வெளியூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். வியன்னாவில் விலை அதிகம் என்று முதலில் புரளி கிளப்பினார்கள், இப்போது நோய் என்கிறார்கள். இந்தக் கண்காட்சி விளங்கக்கூடாது என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கிரெம்ஸிலும்.

காஸ்பர்

*

வியன்னா, 23 ஜூலை 1873

அக்கா,

வேவி நேற்று மதியம் இறந்துவிட்டாள். முந்தின நாள் காலையில் வயிறு சரியில்லை என்று படுத்தாள். மருத்துவரைக் கூட்டிவந்தேன். வயிற்றுக் கடுப்பு என்றார், கோயில் இறப்புப் பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறது. கைகாலெல்லாம் சில்லிட்டு, நகம் நீலம் பூத்துவிட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெயில் காரணமாக இன்று காலையே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார்கள். உனக்காகக் காத்திருக்க விடவில்லை.

எனக்கு எழுதத் தெரியவில்லை.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 6 ஆகஸ்ட் 1873

காஸ்பருக்கு,

சேதி கிடைத்து வியன்னாவுக்கு ஓடிவந்த அன்று, உன் முற்றத்தில் நான் பேச வந்ததைப் பேசவிடாமல், "மெதுவா பேசுக்கா, மேல ஆளுங்க இருக்காங்க" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினாய். இப்போது எழுத்தில் சொல்கிறேன். இதற்குச் சத்தம் கிடையாது, உன் விருந்தாளிகளுக்குக் கேட்காது.

நீலம் பூத்த நகத்தை எனக்கா வயிற்றுக் கடுப்பு என்று எழுதினாய்?

கல்லறையிலிருந்து நேராகப் போஷெனாவின் வீட்டுக்குத்தான் போனேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஜூலை ஆரம்பத்தில் ஏழாம் எண் அறையில் ஒரு துணி வியாபாரி. இரண்டு நாள் கழித்துப் பதினோராம் எண்ணில் புருஷனும் பெண்சாதியும். மூன்று பிணங்களையும் பின்வாசல் வழியாக அனுப்பினாய். நெஞ்சுவலி என்று சொல்லச் சொன்னாய். அந்த அறைத் துணிகளைத் தொட மாட்டோம் என்று மற்றப் பெண்கள் நின்றுவிட்டார்கள். தொட்டவள் வேவி. ஏனென்றால் மாமா சொன்னார்.

"மூணு செத்தப்புறம் அக்காவுக்கு 'இல்ல'ன்னு எழுதினாராம்மா?" என்று போஷெனா கேட்டாள். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தேதியை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

உன் முற்றத்துத் துவைக்கும் கல்லுக்கும் கிணற்றுக்கும் நாலடி தூரம். நான் நின்ற அந்த நேரத்தில்கூடச் சமையல்காரி அந்தக் கிணற்றில் குடத்தை இறக்கினாள். மேலே ஆளுங்க இருக்காங்க என்றாயே, அவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்.

சுகாதார அலுவலகத்துக்குப் போய் நீயே சொல். கிணற்றை மூடு. பதிவேட்டில் என் மகள் பெயருக்கு எதிரே உண்மையை எழுதவை. பத்து நாள் தருகிறேன்.

வால்புர்கா

*

வியன்னா, 11 ஆகஸ்ட் 1873

அக்கா,

பத்து நாள் தருகிறாயா? நல்லது. இந்தக் கடிதத்தையும் உட்கார்ந்து படி.

ஏழாம் எண் அறைக்காரன் செத்த மறுநாள் வேவி உனக்கு எழுதினாள். மூன்று மாதமாகப் பிடித்த வீம்பை விட்டுவிட்டு எழுதினாள். அஞ்சலில் சேர்த்தது நான்தான். "என்னடி எழுதினே?" என்றேன். "இங்க என்னமோ சரியில்ல, வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. வரச் சொல்லி நீ எழுதியிருந்தால் அன்றைக்கே படகில் ஏற்றியிருப்பேன்.

உன் பதில் அவள் தலையணைக்கடியில் இருந்தது. படித்தேன். "போன வழி தெரிந்த உனக்கு வரும் வழியை நான் சொல்லவேண்டியதில்லை. எடுத்த வேலையை மாதம் முடியும்வரை செய்துவிட்டு, செய்தது தப்பு என்று எழுது. பிறகு பார்க்கலாம்." உன் கையெழுத்து. பத்தாம் தேதி.

அதற்கு மறுநாள் எனக்கு எழுதினாய். ஆமாம் என்றால் நானே வருகிறேன் என்று. அவளிடம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஜன்னலைத் திறந்தாய். நான் பொய் சொன்னேன், சரி. அவள் உன்னிடம் உண்மையைத்தானே சொன்னாள்? என்ன செய்தாய்?

எனக்குப் பெண்சாதி ஹெர்மினே இருக்கிறாள், இந்த விடுதியை நம்பிப் பதினாறு பேர் இருக்கிறார்கள். சந்தை கவிழ்ந்ததில் தப்பிய ஒரே இடம் இது. நான் எந்த அலுவலகத்துக்கும் போகப்போவதில்லை.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 19 ஆகஸ்ட் 1873

காஸ்பருக்கு,

எழுதினேன். நீ படித்தது என் கடிதம்தான். ஒரு சொல்லும் நீ மாற்றவில்லை.

அதற்கு அடுத்த நாளே எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தாய் இறங்கிப் போகக்கூடாது என்று நினைத்து, அவளை விட்டு உனக்கு எழுதினேன். இதற்கு எனக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது தினமும் கிடைக்கிறது, உன் உதவி வேண்டாம்.

ஆனால் என் குற்றத்தைக் காட்டி உன் கிணற்றை மறைக்காதே. முழுப் பூசணிக்காய் அது, சோற்றுக்குள் போகாது. நான் கொடுமைக்காரியாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

நாளை காலை ரயிலில் வியன்னா வருகிறேன். உன் வாசலுக்கு இல்லை. சுகாதார அலுவலகத்துக்கு. போஷெனாவும் என்னோடு வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

வால்புர்கா

*

வியன்னா, 5 நவம்பர் 1873

திருமதி வால்புர்காவுக்கு,

உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அதிகாரிகள் கிணற்றில் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். வாசலில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். அதைப் படிக்கத் தெருவே வந்து நின்றது. பாதி நாள் நின்றேன், பிறகு கதவைப் பூட்டினேன். ஹெர்மினே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேவியைப் பற்றிக் கேட்டார்கள். அவளுக்கு வந்தது வேறு நோய் என்று சத்தியம் செய்து சொன்னேன். ஒரே ஒரு விஷயத்திலாவது நீங்கள் ஜெயிக்கக்கூடாது என்று தோன்றியது.

போன மாதம் மலையிலிருந்து குழாயில் தண்ணீர் வந்து சேர்ந்தது. சதுக்கத்தில் நீரூற்றைத் திறந்துவிட்டபோது ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். மூன்று மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று பக்கத்தில் ஒருத்தி அழுதாள்.

கண்காட்சியும் முடிந்தது. ஜப்பான்காரர்களின் பாலத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரிய கண்காட்சிக் கட்டடம் மட்டும் நிற்கிறது. இடிக்கவும் வழியில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள்.

இனி எனக்கு அக்கா இல்லை. இந்த முகவரிக்கு எழுத வேண்டாம், இங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

காஸ்பர் ரீடல்

*

வியன்னா, 3 ஜூன் 1888

அக்கா,

பதினைந்து வருடம் ஆகிறது. நீ உயிரோடு இருப்பதைக் கிரெம்ஸ் திராட்சை வியாபாரி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்னும் பிரசவம் பார்க்கிறாயாம். "எங்க வீட்ல அஞ்சையும் அந்தம்மாதான் எடுத்தாங்க. பொண்ணு பொறந்தா மட்டும் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருப்பாங்க" என்றார்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால் சிரிப்பாய். நீ சொன்ன அந்தக் கவிழ்த்த புனலில்தான். அதை இடிக்கவே இல்லை. குதிரைச் சந்தை, இசைவிழா, தொழிற்காட்சி, எதுவானாலும் இங்கேதான். ஆறு வருடமாகத் தெற்கு வாசல் காவலாளி நான். இந்த வருடம் சக்கரவர்த்தி அரியணை ஏறிய நாற்பதாவது ஆண்டுக்காகப் பெரிய காட்சி வைத்திருக்கிறார்கள்.

தொடக்கவிழாவில் மேடையேறிப் பேசியவர்கள் எல்லாரும் எழுபத்து மூன்றைப் புகழ்ந்தார்கள். அந்தக் கண்காட்சியால்தான் டான்யூபுக்குக் கரை கிடைத்தது, மலைத்தண்ணீர் வந்தது, பெரிய பெரிய விடுதிகள் வந்தன, உலகம் வியன்னாவைத் திரும்பிப் பார்த்தது என்றார்கள். அந்தக் கோடையில் நகரத்தில் செத்த மூவாயிரம் பேரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். "பெரியவரே, அந்த உலகக் கண்காட்சி இங்கதான நடந்துச்சு? அப்ப காலராவுல நெறைய பேரு செத்தாங்களாமே, நெசமா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

யோசிக்கவே இல்லை, அக்கா. வாய் தானாகச் சொன்னது. என்னை மிரட்ட யாருமில்லை, காப்பாற்றிக்கொள்ள விடுதியும் இல்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நம்பிவிட்டாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. பதினோராம் எண் அறைத் துணியை எடுக்கச் சொன்னபோது வேவி என்னைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, இது அந்த நோவுதான? சொல்லிடுங்க, நான் பயப்பட மாட்டேன். கையில துணி சுத்திக்கிட்டு எடுப்பேன்." மருத்துவச்சி மகள் அல்லவா, என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் இல்லை என்றேன். அதனால் வெறுங்கையால் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலையே பங்குக் கோயிலுக்குப் போய்ப் பாதிரியார் முன்னால் எழுதிக் கொடுத்தேன். எந்தெந்த அறை, எத்தனை பேர், கிணறு, என் பொய்ச்சத்தியம், எல்லாம். பழைய பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு எதிரே ஓரத்தில் 'காலரா' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பொய்ச்சத்தியத்துக்கு வழக்கு வந்தாலும் வரலாம் என்றார். வரட்டும்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. பத்து நாள் தந்தாய், எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று என்று சொல்லத்தான்.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 14 ஜூன் 1888

காஸ்பருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அடுப்பு எரியவில்லை, அதனால் படித்தேன்.

உன் சொல்லை மட்டும் நம்பும் நிலையில் நான் இல்லை. பாதிரியாருக்கு எழுதிக் கேட்டேன். அந்தச் சொல் இருக்கிறது என்று பதில் வந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை என்றாய், அதுவாவது நல்லது. கேட்டிருந்தாலும் என்னிடம் இல்லை. கையில் துணி சுற்றிக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது என்று எழுதினாயே, அதைப் படித்தபின் இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பதினைந்து வருடமாகக் கேட்கத் துணிவில்லை. போஷெனா இருந்தவரை அவளிடமும் கேட்கவில்லை. கடைசியில் வேவி என்னைக் கேட்டாளா?

இதமாக எதையாவது எழுதாதே. எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

வால்புர்கா

*

வியன்னா, 20 ஜூன் 1888

அக்கா,

இதமாக ஒன்று எழுதலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். கிழித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போஷெனா துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். விடிந்து கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தாள். "அம்மாவுக்குத் தந்தி குடுக்கட்டுமாடி?" என்று போஷெனா கேட்டாள்.

"வேணாம்" என்றாள். "வந்து நின்னு, சொன்னேன்ல, பாத்தியான்னு கேக்கும். நான் எந்திரிச்சு, நானே போய் சண்டை போட்டுக்கறேன். அது எழுதின லெட்டருக்கு நெறைய பதில் வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு பேசவில்லை. உன் மேல் கோபத்தோடுதான் போனாள். என் மேல் கோபப்பட அவளுக்குக் காரணமே தெரியாது. அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காஸ்பர்

*

கிரெம்ஸ், 27 ஜூன் 1888

காஸ்பருக்கு,

படித்தேன். இது அவள் பேச்சுதான். இப்படி ஒன்றை உன்னால் கட்ட முடியாது.

கேட்கவில்லை, கூப்பிடவில்லை. ஆனால் எழுந்து வந்து என்னோடு சண்டை போடுவதாக இருந்திருக்கிறாள். வேண்டாம் என்று விட்டுவிட்டவளோடு யாரும் சண்டை போட வரமாட்டார்கள். எனக்கு இது போதும். உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை.

உன் மேல் எனக்குள்ள கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. குறையும் என்று காத்திருக்காதே. சொல்வதற்கு என்னிடமும் நிறைய இருக்கிறது, எழுதி மாளாது.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். தெற்கு வாசலில் நில்.

அக்கா